அறிவோம், சிந்திப்போம்: வேரில்லாச் செடியும் வற்றாத ஊற்றும்

ஐப்பசி மாதத்து அடைமழை இரண்டு வாரம் பெய்து ஓய்ந்த பின், பழைய கிணற்றின் உட்சுவரையோ, பள்ளிவாசல் ஹவ்ளின் படிக்கட்டையோ, சமையற்கட்டின் பின்புறத்துச் செங்கற்சுவரையோ உற்று நோக்கியவர்கள் அங்கே ஒரு பச்சைப் படலம் படிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். கால் வழுக்கிவிடும் என்று அஞ்சித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். "பாசி பிடித்துவிட்டது" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பச்சைக்குத் தனிப் பெயர் உண்டா, அதற்கென ஒரு வாழ்க்கை உண்டா, அது நமக்கு எதையேனும் சொல்கிறதா என்று நாம் கேட்பதில்லை. இம்மாதம் அதனைக் கேட்டுப் பார்ப்போம்.

பாசி என்னும் ஒரு சொல்லுக்குள் நாம் பல உயிர்களை அடக்கிவிட்டோம். குளத்து நீரில் நூல் நூலாக மிதப்பதும் பாசி. மதில்மேல் பச்சை வெல்வெட்டுத் துணிபோல் நிமிர்ந்து நிற்பதும் பாசி. ஈரமண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்துக் கிடப்பதும் பாசிதான். தாவர நூலார் இவற்றை வெவ்வேறு குலங்களாகப் பிரிக்கின்றனர். முதலாவது ஆல்கா எனப்படும் நீர்ப்பாசி. இரண்டாவது மாஸ் என்று சொல்லப்படுவது. அதற்கு நுண்ணிய தண்டும் இலையும் உண்டு. மூன்றாவதுதான் நாம் இங்கே காணவிருப்பது. மேனிலைப் பள்ளியில் தாவரவியல் படித்த பிள்ளைகள் இதனை ரிக்ஸியா, மார்கான்ஷியா என்ற பெயர்களில் பாடமாகப் படித்திருப்பார்கள். படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் அதே செடி தம் வீட்டுக் கிணற்றடியில் இருப்பதைப் பார்த்திருப்பார்கள்?

ஈரலின் பெயர் பெற்ற செடி

இக்குலத்தில் சில செடிகள் தட்டையாக, நுனியில் இரண்டிரண்டாகக் கிளைத்து, ஓரம் மடிந்து, ஆட்டு ஈரலின் மடல்களைப் போலத் தோன்றும். அதனால் மேனாட்டார் இவற்றுக்கு ஈரல் செடி என்று பெயரிட்டனர். தாவர நூலில் வழங்கும் ஹெப்பாட்டிகே என்ற பெயரும் ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. அரபு மொழியில் ஈரலுக்குக் கபித் என்று பெயர்; இன்றைய அரபுத் தாவர நூல்களும் இக்குலத்தைக் கபிதிய்யாத் என்றே வழங்குகின்றன. நாமும் இங்கே ஈரல் பாசி என்றே சொல்லுவோம்.

ஈரலைப் போலத் தோன்றுவதால் ஈரல் நோய்க்கு இது மருந்தாகும் என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினர். உருவத்தைப் பார்த்து மருந்தைத் தீர்மானிக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. ஆனால் செடிகளைத் தேடிச் சென்று, கண்ணால் கண்டு, முன்னோர் நூல்களோடு ஒப்பிட்டு எழுதிய அறிஞர்களும் அதே இடைக்காலத்தில் வாழ்ந்தார்கள். ஸ்பெயின் நாட்டு மலாகாவில் பிறந்து, 1248ஆம் ஆண்டு டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் அவர்களுள் ஒருவர். வட ஆப்பிரிக்கா தொடங்கிக் கீழைநாடுகள் வரை பயணம் செய்து, ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்து நூல் செய்தவர். நேரில் பார், ஒப்பிட்டுப் பார், அதன்பின் எழுது என்பது அவர் காட்டிய நெறி. காலடியில் கிடக்கும் ஒரு சிறு செடியைப் பார்க்கவும் அந்நெறியே நமக்குப் போதும்.

(இன்றும் ஈரல் பாசியை யாரும் மருந்தென்று கருதி உட்கொள்ள வேண்டா. ஈரல் நோய்க்கு இது பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை.)

வேரும் இல்லை, நரம்பும் இல்லை

உலகில் ஈரல் பாசிகள் ஏறத்தாழ 7,000 வகைகள் உள்ளன என்றும், நம் நாட்டில் மட்டும் சுமார் 900 வகைகள் உள்ளன என்றும் கணக்கிடுகின்றனர். ஈரல் வடிவில் தட்டையாக இருப்பவை இவற்றுள் சிறுபான்மையே. பெரும்பான்மையானவை மிக நுண்ணிய தண்டும், அதன் இருபுறமும் அடுக்கிய இலைகளும் உடையவை. அவ்விலை பல வகைகளில் ஒரே ஒரு செல் கனமுடையது. கைக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பச்சை நூல் ஒன்று கிடப்பதாகவே தோன்றும்.

இச்செடிக்கு வேர் இல்லை. அடிப்புறத்தில் மயிரிழை போன்ற சில இழைகள் உண்டு. பெரும்பாலும் அவை மண்ணைப் பற்றிக்கொள்ளவே உதவும். மரத்தில் நீரை மேலே ஏற்றுகிற குழாய்கள் இருக்கின்றனவே, அவையும் இதற்கு இல்லை. உடம்பெல்லாம் வாயாக, மழையும் பனியும் மேலே பட்டவுடன் உறிஞ்சிக்கொள்கிறது. நீர் கிடைத்தால் பசுமை. கிடைக்காவிட்டால் சுருண்டு கிடத்தல். பூவும் காயும் விதையும் இதற்கு இல்லை. தூள் போன்ற ஸ்போர்களால் இனம் பெருக்குகிறது. ஆண் உயிரணு பெண் உயிரணுவைச் சேர்வதற்கு நீந்திச் செல்ல வேண்டும். அதற்கு ஒரு துளி நீராவது இருந்தாக வேண்டும். ஆகவே ஈரம் இதற்கு வாழ்விடம் மட்டுமன்று, வழித்தடமும் அதுவே.

மார்கான்ஷியாவின் மேற்புறத்தில் சின்னஞ்சிறு கிண்ணங்கள் இருக்கும். அக்கிண்ணத்துக்குள் பச்சை நிறத்தில் மணிகள் கிடக்கும். வானிலிருந்து விழும் மழைத்துளி அந்தக் கிண்ணத்தில் பட்டுத் தெறிக்கும்போது மணிகளும் தெறித்து அப்பால் விழுகின்றன. விழுந்த ஒவ்வொரு மணியும் ஒரு புதுச்செடி ஆகிறது. உழவனும் இல்லை, ஏரும் இல்லை; விதைப்பது மழைத்துளி.

நிலத்தில் தாவரங்கள் முதன்முதலாகக் கால் ஊன்றியதற்கு அடையாளமாக, ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்ணிய ஸ்போர்கள் பாறைகளில் கிடைத்துள்ளன. அவை ஈரல் பாசி போன்ற சிறு செடிகளின் ஸ்போர்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வெறும் பாறையாகக் கிடந்த நிலத்தை மண்ணாக்கும் வேலையை இத்தகைய சிறு செடிகளே தொடங்கிவைத்தன. மரமும் நெல்லும் பின்னால் வந்தவை.

நம் வட்டாரத்தில்

மங்களூர் என்றதும் வெளியூர் அன்பர்கள் கர்நாடகத்துக் கடற்கரை நகரை நினைத்துக்கொள்கிறார்கள். நமது மங்களூர் விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் மாவட்டத்தின் வறண்ட கோடியில் இருப்பது. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிச் சீமை. இங்கே ஈரல் பாசியா என்று வியப்போர் இருப்பர். உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரி உள்வாயிலும், வரப்போரத்திலும், களத்துமேட்டின் நிழலிலும், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் பச்சை வட்டம் ஒன்று தரையோடு ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். அதுவே ரிக்ஸியா. தை, மாசியில் வெயில் ஏறியதும் சுருங்கிக் கருகிப் போகும். செத்துவிட்டது என்று எண்ணவேண்டா. அது விட்டுச்சென்ற ஸ்போர்கள் கோடை முழுவதும் புழுதியில் கிடந்து, அடுத்த மழையில் எழும். சில வகைகளில் காய்ந்த செடியின் நுனியே மீண்டும் துளிர்ப்பதும் உண்டு.

எந்த மண்ணில் எந்தப் பாசி என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மண்ணின் புளிப்பை அளக்கப் பி.எச். என்ற எண்ணைப் பயன்படுத்துகின்றனர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், அதாவது புளிப்பு. மேலே போனால் காரம். மங்களூர்ப் பக்கத்துக் கரிசல் பொதுவாகக் காரத்தன்மை உடையது. அங்கிருந்து கிழக்கே விருத்தாசலம், பண்ணுருட்டிப் பக்கம் போனால் முந்திரி விளையும் செம்மண் அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்பு அடித்த சுவரில் வளரும் பாசி வேறு. செம்புறாங்கல் சுவரில் வளரும் பாசி வேறு. அனுபவம் வாய்ந்த தாவர நூலார் பாசியின் வகையைப் பார்த்தே அவ்விடத்து மண்ணின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஈரமும் புளிப்பும் ஒருங்கே சேர்ந்த நிலம் எத்தகையது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரும் சான்று இருக்கிறது. அதுதான் நெய்வேலி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே சதுப்புக் காடு இருந்தது. மரங்கள் விழுந்தன; தேங்கிய நீரில் அமிழ்ந்தன. காற்றுப் புகாத புளிப்பு நீரில் பொருள்கள் எளிதில் மட்குவதில்லை. மட்காமல் சேர்ந்த அம்மரங்களே மண்ணின் சுமையால் அழுந்திப் பழுப்பு நிலக்கரியாயின. 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்தில் 1961ஆம் ஆண்டு அந்த நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. சதுப்பின் புளிப்பு நீர் பாறையிலுள்ள இரும்பைக் கரைத்து நீக்கும் இயல்புடையது. அதனால் உலகின் பல இடங்களில் நிலக்கரிப் படுகையை ஒட்டி வெண்களிமண் காணப்படும். நெய்வேலிப் படுகையிலும் அத்தகைய களிமண் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்குக் களிமண்ணே உயிர் என்பதை நாம் அறிவோம். பீங்கான் பொம்மையை வாங்கி அலமாரியில் வைக்கிறோமே, அதன் வெண்மைக்குப் பின்னால் பழங்காலத்து ஈரமும் புளிப்பும் செய்த வேலை இருக்கக்கூடும்.

புளிப்பு நீரில் ஒரு குடித்தனம்

ஈரமும் புளிப்பும் மிகுந்த இடத்தில் பெரும்பாலான செடிகள் வாழ மாட்டா. வேருக்குக் காற்றுக் கிடைக்காது. தழைச்சத்துக் குறைவு. மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்கு நஞ்சாகும். ஆனால் வேரே இல்லாத ஒரு செடிக்கு வேர் அழுகும் என்ற கவலை ஏது? மழைநீரும் அதில் கலந்துவரும் தூசியும் தரும் சிறு உணவே அதற்குப் போதுமானது. பெரிய செடிகள் நிழல் போட்டு நெருக்க வராத இடத்தில் அது அமைதியாகக் குடித்தனம் நடத்துகிறது.

ஐரோப்பாவின் குளிர்ந்த சதுப்புகளிலும் கரம்புகளிலும் ஜிம்னோகோலியா இன்ஃப்ளாட்டா என்று ஒரு சிறு ஈரல் பாசி உண்டு. கருமை கலந்த பச்சை நிறம். புளிப்பு நீர் தேங்கும் கரியமண்ணிலும், கைவிடப்பட்ட சுரங்கங்களின் கழிவு மேட்டிலும்கூட இது வளர்கிறது. இதன் உடம்பில் காற்றடைத்த பைகள் போன்ற உறுப்புகள் இருக்கின்றன. அவை எளிதில் உடைந்து நீரில் மிதந்து போய், ஒதுங்கிய இடத்தில் புதுச்செடியாகின்றன.

ஜப்பானில் இதனினும் வியப்பான ஒன்று உண்டு. குன்மா மாநிலத்து நாக்கனோஜோ என்னும் ஊருக்கருகே மலையில் புளிப்பான வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது. அந்நீரின் பி.எச். எண் 3க்கும் கீழே. ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றை நெருங்கும் புளிப்பு. அந்நீர் ஓடும் பாறைகளின்மேல் பச்சைப் பட்டு விரித்தாற்போல் வளர்ந்திருப்பது சாட்சுபோமிகோக்கே என்னும் ஈரல் பாசி. அந்த நீரில் கரைந்திருக்கும் இரும்பு, அப்பாசியையும் அதனோடு வாழும் நுண்ணுயிர்களையும் சுற்றிப் படிகிறது. அவ்வாறு நெடுங்காலமாகப் படிந்து படிந்து இரும்புத் தாதுவே உருவாகிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே சுரங்கம் திறந்து அத்தாதுவை வெட்டி எடுத்தார்கள். 1960களில் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கம் போயிற்று, பாசி நிலைத்தது. 2017ஆம் ஆண்டு ஜப்பான் அரசு அவ்விடத்தை நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காத்து வருகிறது. ஒரு காலத்தில் இரும்புக்காகத் தேடிச் சென்ற இடத்துக்கு, இப்போது மக்கள் பாசியைக் காணப் போகிறார்கள்.

"இதனால் என்ன பயன்?"

மதரஸாவில் விடுமுறைக்கு முந்தைய மாலையில் பிள்ளைகளோடு இவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், இதைச் சாப்பிட முடியுமா?"

"முடியாது."

"மாட்டுக்குப் போடலாமா?"

"மாடும் தின்னாது. இதன் செல்களில் ஒருவகை எண்ணெய் இருக்கிறது. பூச்சிகள்கூட இதனை அதிகம் தீண்டுவதில்லை."

"கடையில் விலை போகுமா?"

"போகாது."

"அப்படியானால் இதனால் என்ன பயன், ஹஜ்ரத்?"

பிள்ளை கேட்டது தவறான கேள்வி அன்று. பெரியவர்களாகிய நாமும் நூற்றாண்டுக் கணக்கில் அதே கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறோம். கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் மண்வெட்டியையும் எடுத்துவிட்டோம். அதன் விளைவைக் காண நாம் நீலகிரிக்குப் போக வேண்டும்.

நீலகிரியின் சதுப்புகள்

நீலகிரியின் உச்சிப் பகுதியில் மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, பள்ளத்தாக்கின் அடியில் சதுப்பு. இம்மூன்றும் சேர்ந்ததே அம்மலையின் இயற்கை அமைப்பு. மண் புளிப்பானது, அதனால்தான் அங்கே தேயிலை வளர்கிறது. சதுப்புகளில் பூச்சியைப் பிடித்து உண்ணும் பனித்துளிச் செடியும், வெண்மணி போன்ற தலையுடைய கோரை இனங்களும் உண்டு. சோலையின் ஈரப்பாறையிலும், ஓடைக்கரையிலும், மரப்பட்டையிலும் ஈரல் பாசிகள் பலவகை. தொதவர் எனப்படும் பழங்குடியினர் தம் கோயில்களுக்குக் கூரை வேய இச்சதுப்பில் மட்டுமே வளரும் ஒருவகைப் புல்லைப் பயன்படுத்துகின்றனர். சதுப்புப் போனால் புல் போகும். புல் போனால் அவர்களுடைய வழிபாட்டின் கூரையே போகும்.

அச்சதுப்புகளின் அடியில் கரியநிறப் புதைமண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. புளிப்பும் நீரும் காத்து வைத்த பழைய தாவரங்களின் எச்சம் அது. 1993ஆம் ஆண்டு ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ், ஆர்.கே.பந்த், ஜி.ராஜகோபாலன் ஆகிய நான்கு இந்திய விஞ்ஞானிகள் அந்தப் புதைமண்ணை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். புல்லும் மரமும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறுபடுவதால், மண்ணிலுள்ள கார்பனைச் சோதித்து, எந்தக் காலத்தில் அங்கே எந்தவகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று அறியலாம். அவ்வாறு அறிந்து, பனியூழிக் காலமாகிய ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அம்மலையில் வறட்சி நிலவியது, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது என்றெல்லாம் கண்டார்கள். எழுத்து தோன்றுவதற்கு முன்னர்ப் பெய்த மழையின் கணக்கைச் சேறு எழுதி வைத்திருக்கிறது.

ஆங்கிலேயர் இம்மலைக்கு வந்தபோது இப்புல்வெளியையும் சதுப்பையும் பயனற்ற தரிசு என்றே எண்ணினர். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் யூக்கலிப்டஸ் மரமும் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் தோல் பதனிடும் பட்டைக்காகவும், கூழ்மரத்துக்காகவும் அவை பெருமளவில் நடப்பட்டன. நீர் நிறைந்த பள்ளங்களில் வடிகால் வெட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்டார்கள். ஊட்டி ஏரியின் ஒரு பகுதியே தூர்க்கப்பட்டுப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் ஆயிற்று. இவற்றைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தால் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வயிற்றுப் பிழைப்பும் ஊர் வளர்ச்சியும் அவர்கள் முன் நின்றன. சதுப்புக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

இப்போது அதே சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணியை வனத்துறை மேற்கொண்டிருக்கிறது. நட்டது எளிது, களைவது அரிது என்பதை அப்பணியில் ஈடுபட்டவர்கள் அறிவார்கள். வெட்டிய இடத்தில் விதைகள் மீண்டும் மீண்டும் முளைக்கின்றன.

மலைமேல் நடப்பதற்கும் நமக்கும்

நீலகிரி எங்கோ இருக்கிறது. வறண்ட மங்களூருக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நீர் போகும் வழியைப் பார்ப்போம். நீலகிரியின் சதுப்பிலும் சோலையிலும் ஊறும் பைக்காரா ஆறு, கீழிறங்கி மாயாறு என்னும் பெயரோடு பவானிசாகர் அணையை அடைகிறது. அங்கிருந்து பவானி ஆறாக ஓடிக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகிக் கீழணைக்கு வருகிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக நம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக்கு நீர் வருகிறது. அவ்வேரி காட்டுமன்னார்கோயில் வட்டார வயல்களை நனைக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களுக்குக் குடிநீராகவும் போகிறது. வீராணத்து நீர் முழுவதும் நீலகிரியினுடையது அன்று; குடகும் பிற மலைகளும் தருவதே பெரும்பங்கு. ஆயினும் அக்குடத்தில் நீலகிரியின் துளியும் உண்டு.

மழை பெய்த மறுநாளே ஓடிக் கடலில் சேர்ந்துவிடும் நீர் நமக்கு உதவாது. பெய்த மழையை வாங்கி வைத்துச் சிறுகச் சிறுக விடுகிற இடங்கள் வேண்டும். மலையின் புல்லும், சோலையின் உதிர்ந்த இலைப்படுகையும், சதுப்பின் புதைமண்ணும், பாறையைப் போர்த்திய பாசிகளும் சேர்ந்து அவ்வேலையைச் செய்கின்றன. இதில் ஈரல் பாசியின் பங்கு சிறியதுதான். ஆனால் எந்தப் பாறையில் அது பசுமையாக இருக்கிறதோ, அங்கே ஈரம் வற்றவில்லை என்பதற்கு அது சாட்சி சொல்கிறது. அது மறைந்துபோனால், ஊற்று வற்றுவதற்கு முன் வந்த முதல் எச்சரிக்கை அதுவாக இருக்கலாம். வேர் உள்ள மரம் ஆழத்து நீரை உறிஞ்சிச் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். வேரில்லாச் செடிக்கு அத்தகைய கையிருப்பு இல்லை. ஆகவே முதலில் வாடுவது அதுவே.

இன்னொன்றும் உண்டு. புதைமண் நிலம் உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகிலுள்ள காடுகளின் மரங்கள் எல்லாவற்றிலும் உள்ளதைக் காட்டிலும் அதிகமான கார்பன் அந்தச் சிறுபகுதியில் புதைந்து கிடக்கிறது. நீரை வடித்துவிட்டால் அது காற்றோடு கலந்து மட்கத் தொடங்கும். கரியமில வாயுவாக வெளியேறும். உலகம் சூடேறுவதைப் பற்றிக் கவலைப்படும் அறிஞர்கள் சதுப்பைக் காக்கச் சொல்வது இதனால்தான். மாணவன் கேட்ட கேள்விக்கு இதுவே விடை: கடையில் விலை போகாத பொருள்கள் சேர்ந்துதான், விலை கொடுத்தும் வாங்க முடியாத பொருளைக் காத்து நிற்கின்றன.

பாசியைத் தேடி நடந்தவர்கள்

யாரும் மதியாத இச்செடிகளைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களுள் முதல்வர் சிவராம் கஷ்யப். 1882ஆம் ஆண்டு பஞ்சாபில் ஜீலம் நகரில் பிறந்தவர். முதலில் ஆக்ராவில் மருத்துவம் பயின்றார். பின்னர்த் தாவர நூலுக்குத் திரும்பிக் கேம்பிரிட்ஜ் வரை சென்று படித்தார். லாகூரில் பேராசிரியராக இருந்துகொண்டு, விடுமுறை தோறும் இமயமலையிலும் திபெத்திலும் கால்நடையாக அலைந்து ஈரல் பாசிகளைத் திரட்டினார். மேற்கு இமயத்தின் ஈரல் பாசிகளைப் பற்றிய அவருடைய நூலின் முதற்பகுதி 1929ஆம் ஆண்டு வெளிவந்தது. வறண்ட காலத்தைச் சிறு கிழங்காக மண்ணுக்குள் கிடந்து கழிக்கும் ஒரு செடியைக் கண்டறிந்து, தம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சீவார்டின் பெயரால் சீவார்டியெல்லா என்று அதற்குப் பெயர் சூட்டினார். 1934ஆம் ஆண்டு மறைந்த அவரை இந்தியப் பாசித்தாவர இயலின் தந்தை என்று போற்றுகின்றனர்.

தென்னகத்தில் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ பழனிமலையின் மாஸ் வகைகளைத் திரட்டிப் பட்டியல் செய்தார். அது 1961ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாசித்தாவரங்களைப் பற்றிய ஆய்வு நடைபெற்று, 2013ஆம் ஆண்டு நூலாக வந்தது. 2017ஆம் ஆண்டு மார்கான்ஷியாவின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. நிலத்துத் தாவரங்கள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்ற பெருங்கேள்விக்கு, இச்சிறு செடி இன்று உலக ஆய்வுக்கூடங்களில் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நடக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருங்கள். ஹவ்ளின் படியும் கிணற்றடியும் வழுக்கினால் முதியோர் விழுந்து இடுப்பொடியும். அங்கே பாசியைத் தேய்த்து நீக்குவதில் தவறே இல்லை. ஆனால் யாரும் கால் வைக்காத பின்சுவரிலும், மரத்தடியிலும், தோட்டத்து மூலையிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அதனை அழிக்க வேண்டியதில்லை. அது சுவரை விழுங்கிவிடாது. சுவர் எப்போதும் ஈரமாகவே இருந்தால், அங்கே நீர் கசிகிறது என்பதை அது காட்டிக் கொடுக்கிறது, கசிவை அடையுங்கள்.

இரண்டாவது, பழைய கிணறுகளைக் குப்பை போட்டுத் தூர்க்காதீர்கள். ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஊர்தோறும் திறந்த கிணறுகள் கைவிடப்பட்டன. மழைநீரை வடிகட்டி அதனுள் விட்டால் நிலத்தடி நீர் ஊறும். கைப்பிடிச் சுவர் எழுப்பிக் கம்பிவலை போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை. உள்ளே சுவரில் பாசியும் செழிக்கும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு ஒரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பெருநாள் காசில் வாங்கக்கூடிய பொருள்தான். மழைக்கால மாலையில் அத்தாவோ அம்மாவோ உடனிருந்து, கொல்லைப்புறத்துச் சுவரில் ஒரு சாண் இடத்தைக் காட்டி, "இதில் எத்தனை வகைப் பச்சை இருக்கிறது, எண்ணு" என்று சொல்லுங்கள். இரண்டு என்று தொடங்கும் பிள்ளை ஐந்தில் வந்து நிற்கும். பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் அறிந்த ரிக்ஸியாவைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை அதனை ஒருநாளும் மறக்காது. சிறியதைக் கூர்ந்து பார்க்கப் பழகிய கண்ணுக்கு, எந்த நிலத்தையும் பார்த்த மாத்திரத்தில் தரிசு என்று ஒதுக்க மனம் வராது.

நான்காவது, மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் சதுப்பில் வண்டி ஏற்றாதீர்கள். பாறையிலிருந்து பாசியைப் பெயர்த்து எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளை அங்கே விட்டு வராதீர்கள். நீங்கள் மிதிப்பது உங்கள் ஊர் ஆற்றின் தலைமாடு.

மாணவன் மறுநாள் ஒரு சிறு டப்பியில் பச்சை வட்டம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஏரிக்கரையில் எடுத்தானாம். "இதைத் திரும்ப அங்கேயே வைத்துவிடட்டுமா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். பயன் என்ன என்று கேட்ட அதே பிள்ளைதான். வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் நம் வீட்டுக் கூரையில் வாழும் சிட்டுக்குருவியைப் பற்றிப் பார்ப்போம்.